பழைய தூர்தர்ஷன் சாப்பாட்டு விளம்பரமெல்லாம் கேசட்ல சிக்கியிருக்கு, எதை முதல்ல காப்பாத்தலாம்?

டேப்பு_ராசா:
வணக்கம் மக்களே. மாமா வீட்டு பரண்ல இருந்து ஒரு அட்டைப்பெட்டி நிறைய வி.எச்.எஸ் வீடியோ கேசட் வந்திருக்கு. 80களோட கடைசியில இருந்து 90கள் ஆரம்பம் வரைக்கும் மெட்ராஸ் தூர்தர்ஷன்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போட்ட படங்களை அப்படியே பதிவு பண்ணி வச்சிருக்காரு. படமெல்லாம் இப்ப யூட்யூப்லயே நல்ல பிரிண்ட்ல கிடைக்குது, எனக்கு வேண்டியது நடுவுல வர்ற விளம்பரம், அதுலயும் சாப்பாட்டு விளம்பரம். ஒரு கேசட் போட்டுப் பார்த்தேன், ரஸ்னா வந்துச்சு, ஹார்லிக்ஸ் "அப்படியே சாப்பிடுவேன்" வந்துச்சு, பக்கத்துல உட்கார்ந்திருந்த எங்கம்மா டிவியோட சேர்ந்து வரி வரியா சொல்றாங்க, முப்பது வருஷத்துக்கும் மேல ஆச்சு ஒரு வார்த்தை மறக்கல.

கேக்க வேண்டியது ரெண்டு விஷயம். இதெல்லாம் ஏன் இப்படி மனசுல ஒட்டிக்கிச்சு, இப்ப வர்ற விளம்பரம் ஏன் ஒட்ட மாட்டேங்குது? அடுத்தது, சில கேசட்ல ஓரமா வெள்ளையா பொடி மாதிரி படிஞ்சிருக்கு, அதைப் போடலாமா? கம்ப்யூட்டர்ல ஏத்துறது எப்படி, எந்த விளம்பரத்தை முதல்ல எடுக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டிகிரி_காபி:
ராசா தம்பி, முதல்ல காபி விளம்பரத்தைத் தேடுங்க. நரசுஸ் இருக்கான்னு பாருங்க, "பேஷ் பேஷ், ரொம்ப நன்னாருக்கு"! சேலத்துல 1926ல ஆரம்பிச்ச கம்பெனி, ஆனா தமிழ்நாடு முழுக்க அதை வீட்டுப் பேச்சுல கொண்டு வந்தது அந்த ஒத்தை வரிதான். அதுல மெட்டு பெருசா ஒண்ணும் கிடையாது பாருங்க, ஒரு மனுஷன் ஒரு வாய் குடிச்சிட்டு நிதானமா சொல்றாரு, அவ்வளவுதான். காபி நல்லா இருந்தா வாயில தானா என்ன வருமோ அதையே எழுதிக் குடுத்திருக்காங்க, அதனால இன்னிக்கும் கல்யாண வீட்டுல ரசம் நல்லா இருந்தாக்கூட யாராவது ஒருத்தர் அதே ராகத்துல சொல்லிடுறாங்க. என் கணிப்புல தமிழ் விளம்பரத்துல நின்னது முக்காவாசி பேச்சுதான், பாட்டு அதுக்கு அடுத்துதான்.

ஆனா அடுத்து சொல்றது பாட்டு. லியோ காபி. அரவிந்த்சாமி நடிச்சது, இசை ஏ.ஆர்.ரஹ்மான். படத்துக்கு வர்றதுக்கு முன்னாடி அவர் பல வருஷம் ஜிங்கிள், அதாவது விளம்பரத்துக்கான குட்டிப் பாட்டு போட்டுட்டு இருந்தாரு, 1989ல கோடம்பாக்கத்துல வீட்டை ஒட்டியே பஞ்சதன் ஸ்டுடியோ வச்சாரு, இந்த லியோ காபி இசைக்கு விருது வாங்கின விழாவுலதான் மணிரத்னத்தை சந்திச்சாரு, அடுத்து 1992ல ரோஜா. ஒரு காபித்தூள் விளம்பரம் தமிழ் சினிமா இசையோட பாதையையே திருப்பி விட்டிருக்கு! முப்பது செகண்ட்ல சொல்லி முடிக்கணும்ங்கற கணக்கு அவர் கைக்கு அங்கதான் பழகியிருக்கும்னு நான் நம்புறேன், அந்த முதல் பட பாட்டுங்களோட ஆரம்ப இசையை எல்லாம் கேட்டுப் பாருங்க, மூணாவது செகண்ட்லயே எந்தப் பாட்டுன்னு தெரிஞ்சிடும். உங்க பெட்டியில லியோ காபி நல்ல ஆடியோவோட இருந்துச்சுன்னா அதை முதல்ல பத்திரப்படுத்துங்க தம்பி.

குரல்_வளம்:
டிகிரி காபி சார் சொல்றதுல பாதிதான் நான் ஒத்துக்குவேன். பாட்டு நிக்கலன்னு இல்ல, நம்ம ஊருக்கு வந்து சேர்ந்த பாட்டுல பாதிக்கு மேல பம்பாய்ல இந்தியில போட்டது, தமிழ்ல அதே மெட்டுக்கு வார்த்தையைத் திணிச்சாங்க. நான் டப்பிங் வேலையில இருந்தவன், அந்தக் கஷ்டம் தெரியும். இந்தியில ரெண்டு அசையில முடியற வினைச்சொல் தமிழ்ல நாலு அசை இழுக்கும், மெட்டோ அதே நீளம், அதனால பாடறவங்க மூச்சே விடாம ஓடணும். அதுலயும் குழந்தை நேரா கேமராவைப் பார்த்து பேசற ஷாட்னா வாயசைவு ஒட்டவே ஒட்டாது.

இப்ப ஒண்ணு கவனிங்க. "ஐ லவ் யூ ரஸ்னா", "ஐ ஆம் எ காம்ப்ளான் பாய்", "பூஸ்ட் இஸ் த சீக்ரெட் ஆஃப் மை எனர்ஜி". கடைசி வரி மூணுலயும் இங்கிலீஷ், எந்த மொழியில போட்டாலும் இதே வரிதான். ஒரே ஒரு தடவை ஷூட் பண்ணி காஷ்மீர்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் அதே முகம் அதே வாயசைவு, நடுவுல வர்ற விவரத்தை மட்டும் பின்னணிக் குரல்ல அந்தந்த மொழியில சொல்லிட்டா போதும். இங்கிலீஷ் பள்ளிக்கூடம் பக்கமே போகாத பசங்க கூட பூஸ்ட் விளம்பரத்துல வந்த கபில்தேவ் மாதிரி கையை மடக்கிட்டு அந்த வரியைச் சொன்னாங்க. அர்த்தம் யாரும் கேக்கல, தாளம் புடிச்சுப்போச்சு.

ரஸ்னா விளம்பரம் இருந்தா அதை முழுசா எடுங்க ராசா, பாட்டு மட்டும் வெட்டாதீங்க. அஞ்சு ரூபா பாக்கெட்ல 32 கிளாஸ்னு கணக்கு சொல்லுவாங்க பாருங்க, பாட்டில் கூல்டிரிங் வாங்க முடியாத வீட்டுக்கு அதுதான் விஷயமே. அதுல வந்து பேர் வாங்கின அங்கிதா பின்னாடி தெலுங்கு தமிழ் ரெண்டுலயும் கதாநாயகியா நடிச்சாங்க.

முத்துநகர்_அக்கா:
நான் தூத்துக்குடி. எங்களுக்கு மெட்ராஸ் டிவி சரியா எடுக்காத காலத்துல மொட்டை மாடியில உசரமா கம்பி நட்டு ஆன்டெனாவை கெழக்கால திருப்பி வச்சா இலங்கையோட ரூபவாஹினி டிவி தெளிவா வரும். அதுல மாலிபன் பிஸ்கட், மஞ்சி பிஸ்கட் விளம்பரமெல்லாம் சிங்களப் பாட்டோட ஓடும், ஒரு வார்த்தை விளங்காது ஆனா நானும் என் தங்கச்சியும் மெட்டை அப்படியே முணுமுணுப்போம், அந்த பிஸ்கட்டை கண்ணுல பார்த்தது கூட கிடையாது. குரல்வளம் அண்ணன் சொன்ன மாதிரி அர்த்தமே வேண்டாம் போலிருக்கு.

அப்புறம் இதயம் நல்லெண்ணெயை ஏன் யாரும் சொல்லல? விருதுநகர் எண்ணெய், அந்த விளம்பரத்துல வந்த சித்ராவை சாகற வரைக்கும் ஊரே "நல்லெண்ணெய் சித்ரா"ன்னுதான் கூப்பிட்டுச்சு, 2021ல அவங்க தவறினப்ப பத்திரிகைக்காரங்க தலைப்புலயும் அதே பேருதான் போட்டாங்க. எத்தனையோ படம் நடிச்ச ஒருத்தருக்கு எண்ணெய் விளம்பரம் பேரா நின்னுருக்கு. அது இருந்தா கண்டிப்பா எடுத்துப் போடுங்க தம்பி, எனக்குப் பார்க்கணும்.

ஏன் இப்ப ஒட்டலன்னு கேட்டீங்க. அப்ப ஒரே சேனல். வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும், ஞாயித்துக்கிழமை படம், தெருவுல டிவி இருக்கற ஒண்ணு ரெண்டு வீட்டுல மொத்த சனமும் உட்கார்ந்திருக்கும், எழுந்து போனா இடம் போயிடும், ரிமோட்டும் கிடையாது. அதே விளம்பரத்தை வாரா வாரம் அத்தனை பேரும் ஒண்ணாப் பார்த்து மறுநாள் பள்ளிக்கூடத்துல ஒண்ணாப் பாடினா எப்படி மறக்கும்? 93ல சன் டிவி வந்துச்சு, அப்புறம் வரிசையா மத்த சேனல், விளம்பரம் வந்தா மாத்திட்டுப் போற பழக்கம் அப்பதான் எங்க வீட்டுல ஆரம்பிச்சுது.

டிகிரி_காபி:
அக்கா சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா ஒண்ணு, சேனல் பெருகின பிறகும் நல்ல விளம்பரம் நின்னிருக்கு. 1994 கேட்பரி விளம்பரம், கிரிக்கெட் கிரவுண்டுக்குள்ள அந்தப் பொண்ணு காவலுக்கு நின்னவரைத் தாண்டி ஆடிக்கிட்டே ஓடுமே. லூயிஸ் பேங்க்ஸ் இசை, இந்தியில பாடினது ஷங்கர் மகாதேவன், பின்னாடி இருந்து உருவாக்கினது 2025ல காலமான விளம்பரக்காரர் பியூஷ் பாண்டே. சாக்லேட் குழந்தைங்க திங்கறதுங்கறதை மாத்தி பெரியவங்களும் வெக்கப்படாம திங்கலாம்னு காட்டிச்சு. அது மெட்டால மட்டும் நிக்கல, அந்தப் பொண்ணு ஆடின ஆட்டம் யாரோ சொல்லிக் குடுத்த ஸ்டெப் மாதிரியே இல்ல, அதனாலதான்.

நாடா_மெக்கானிக்:
ராசா, ரெண்டாவது கேள்விக்கு யாரும் வரல, நான் வர்றேன். வெள்ளைப் பொடி பூஞ்சை. அந்த கேசட்டை டெக்ல, அதாவது கேசட் ஓட்டற மெஷின்ல போடவே போடாதீங்க, நாடாவைப் படிக்கிற ஹெட்ல ஒட்டிக்கிட்டு அடுத்து போடற நல்ல கேசட்டுக்கும் பரவும். தனியா ஒரு கவர்ல போட்டு ஈரமில்லாத இடத்துல வைங்க, அதைச் சுத்தம் பண்ணத் தெரிஞ்ச ஆள்கிட்ட குடுக்கறதுதான் நல்லது.

நல்லா இருக்கற கேசட்டுக்கு முதல் வேலை, முதுகுப்பக்கம் இருக்கற சின்ன பிளாஸ்டிக் நாக்கை உடைச்சு விடுங்க, தெரியாம ரெக்கார்ட் அமுக்கினாலும் அழியாது. ரொம்ப நாள் கிடந்ததுன்னா ஒரு தடவை கடைசி வரைக்கும் ஓட்டி திரும்பச் சுத்திட்டு அப்புறம் பிளே பண்ணுங்க. டெக்ல இருந்து மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயர் எடுத்து டிவி படத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்தற யூ.எஸ்.பி கேப்சர் கார்டுல குடுங்க, சாஃப்ட்வேர்ல நம்ம ஊர் டிவி முறையான பால் (PAL) சிஸ்டம், செகண்டுக்கு 25 ஃப்ரேம்னு வைங்க, அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சின்னு இருந்தா படம் கறுப்பு வெள்ளையாவோ உருண்டுக்கிட்டோ வரும். படம் கோடு கோடா ஆடுச்சுன்னா டிராக்கிங் பட்டனை மெதுவாத் திருப்புங்க.

முக்கியமா, விளம்பரத்தை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பதிவு பண்ணாதீங்க, முழு கேசட்டையும் ஒரே ஓட்டமா ஏத்திட்டு கம்ப்யூட்டர்ல வெட்டுங்க, நாடா எத்தனை தடவை ஓடுதோ அத்தனை தேயும். அசல் ஃபைலை சுருக்காம ஒரு காப்பி தனியா வைங்க. ஃபைல் பேர்ல எந்தப் படத்துக்கு நடுவுல வந்துச்சுன்னு எழுதுங்க, படம் ஒளிபரப்பான தேதியை அந்தக் கால நாளிதழ்ல பார்த்துட்டா விளம்பரம் எந்த வருஷம்னு தெரிஞ்சிடும்.

டேப்பு_ராசா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பூஞ்சை புடிச்ச நாலஞ்சைத் தனியா எடுத்து வச்சிட்டேன், நாக்கும் உடைச்சாச்சு. முத்துநகர் அக்கா, ஒரு கேசட் லேபிள்ல மாமா படத்தோட பேரைப் போட்டு பக்கத்துல "விளம்பரம் நிறைய"ன்னு எழுதியிருக்காரு, அதைத்தான் இந்த ஞாயிறு முதல்ல ஏத்தப் போறேன், சித்ரா வந்தா இங்கயே போடறேன்.