‘காப்பு இரும்புக் காட்சி’ வேண்டாம்: மடக்குக் குறியிணைக்கு ஒரு சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

எம்4 போன்ற துப்பாக்கிகளில் செம்புள்ளி நோக்கியின் (குறிபார்க்கக் கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் கருவி) மின்கலம் தீர்ந்தாலோ கண்ணாடி உடைந்தாலோ நிமிர்த்திக்கொள்வதற்காக மடங்கிக் கிடக்கும் குறிபார்க்கும் உறுப்புகளுக்கு (ஆங்கிலத்தில் backup iron sights) ‘காப்பு இரும்புக் காட்சி’ என்ற தமிழ்ச்சொல் பரிந்துரை வந்திருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. காட்சி என்பது காணப்படுவது. இதுவோ காண்பதற்கான வழி. ‘காப்பு’ என்றால் சுடுவிசையைத் தடுக்கும் பாதுகாப்புப் பூட்டோடு குழம்பும். ‘நோக்கி’யும் பொருந்தாது. தொலைநோக்கி, நுண்ணோக்கி என்று வில்லை உள்ள கருவிக்கே அது பழகிவிட்டது. இங்கே வில்லை கிடையாது. பின்துளை வழியே முன்முனையைப் பார்த்து இரண்டையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவருகிறோம். இணையாக இருந்தால்தான் வேலை. ஆகவே ‘குறியிணை’, பின்னது குறித்துளை, முன்னது குறிமுனை.

இனி அடைமொழி. ‘மாற்று’ என்றால் மாற்றுச் சக்கரம்போலக் கழற்றி மாட்டுவது என்றாகும். இதுவோ துப்பாக்கியிலேயே, முன்கூட்டியே குறி சரிசெய்யப்பட்டு இருப்பது. பைக்கின் ரிசர்வ் பெட்ரோல் மாதிரி. எனவே ‘இருப்பு’ என்கிறேன். இருப்புப்பாதை, இருப்புச்சட்டி என்று இரும்பும் அதே வடிவில்தான் வரும். ‘இருப்புக் குறியிணை’ என்றால் இரண்டு பொருளும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

‘மடக்கு’ என்பதை மட்டும் அப்படியே விடக்கூடாது. பழுதெல்லாம் மடங்கும் இடத்தில்தான். நிமிர்த்தியபின் பூட்டிக்கொள்வது ஒரு வகை. பொத்தானை அழுத்தி விடுவித்தால்தான் மடங்கும். ஸ்பிரிங் அழுத்தத்தில் மட்டும் நிற்பது இன்னொரு வகை. இடித்தால் உடையாமல் மடங்கிக்கொள்ளும், ஆனால் தேவையான நேரத்திலும் சாய்ந்துவிடக்கூடும். முன்னதற்குப் ‘பூட்டுமடக்கு’, பின்னதற்கு ‘வில்மடக்கு’ என்று வைக்கலாமா?

---

வணக்கம் ஐயா. குறியிணையை மனமார ஏற்கிறேன். ‘இருப்பு’ குறித்துத் தயக்கம் உண்டு: இன்று பல குறியிணைகள் அலுமினியம் அல்லது நெகிழி. இரும்பென்று படிப்பவர் உருக்கின் உறுதியை எதிர்பார்ப்பார். மேக்புல் நிறுவனத்தின் நெகிழிக் குறிமுனையை வாயுக்கட்டை (குழலிலிருந்து வெடிவாயுவைப் பிரித்தெடுக்கும் பகுதி) மேல் மாட்டக்கூடாது. அங்குள்ள சூடு அதைக் கெடுத்துவிடும்.

கூடவே ஒரு சொல் தேவை: கீலில் உண்டாகும் தளர்வு. மெக்கானிக்குகள் சொல்லும் ‘ஆட்டம்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். இது அற்பமான விஷயமல்ல. எம்4-இல் துளைக்கும் முனைக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 37 செ.மீ. குறித்துளை பக்கவாட்டில் 0.1 மி.மீ., அதாவது ஒரு தாளின் கனம், ஆடினால் 100 மீட்டரில் குண்டு 27 மி.மீ. விலகும், 300 மீட்டரில் 81 மி.மீ. எம்4-ஐவிட நீளமான எம்16-இன் 50 செ.மீ. இடைத்தொலைவில் அதே ஆட்டம் 100 மீட்டரில் 20 மி.மீ.தான். இந்த இடைத்தொலைவுக்குக் ‘குறியிடை’ என்று பெயரிடலாம்.

சோதிக்கும் முறையையும் கலைச்சொல் விளக்கத்தோடு சேர்க்க வேண்டும். நிமிர்த்திய நிலையில் 5 குண்டு சுட்டு ஒரு தொகுதி. ஒவ்வொரு குண்டுக்கும் இடையில் மடக்கி நிமிர்த்தி இன்னொரு 5. இரண்டாவது தொகுதியின் துளைகள் முதலாவதைவிடப் பரவியிருந்தால் பழுது கீலில். இரண்டும் ஒரே அளவாக, ஆனால் முன்பு சரிசெய்த இடத்திலிருந்து விலகி விழுந்தால் கீலைக் குறை சொல்லக்கூடாது: பிக்கட்டினி ரெயிலை (துணைக்கருவிகளை மாட்டத் துப்பாக்கியின் மேல் உள்ள பள்ளங்கள் கொண்ட தண்டவாளம்) பிடிக்கும் திருகு தளர்ந்திருக்கும், அல்லது குறிமுனை குழலைத் தொடாத கைப்பிடி உறையின் மேல் இருந்து அந்த உறை வளைந்திருக்கும். திருகின் தலையிலிருந்து உடல்வரை பெயின்டால் ஒரு கோடு இழுத்து வைத்தால் தளர்வு பார்த்தவுடன் தெரியும். கீலில் எண்ணெய் மிகுந்தால் மணல் ஒட்டும். மணல் அடைந்த வில்மடக்கு முழுதும் எழாமல் பாதியில் நின்றுவிடும்.

---

ஆட்டம், குறியிடை இரண்டும் நல்ல சொற்கள்; ஏற்கிறேன். உலோகம் பற்றிய மறுப்பும் நியாயம்தான். ‘இருப்பு’ என்பதற்குச் சேமத்தில் உள்ளது என்ற பொருளை மட்டும் விளக்கத்தில் எழுதுவோம். இரும்பைப் பற்றி ஒன்றும் சொல்லவேண்டாம். ‘எழாமல் பாதியில் நிற்பதற்கு’ அரையெழுச்சி என்று போடலாமா, அல்லது ‘அரைநிமிர்வு’ தெளிவாக இருக்குமா? எனக்கு இரண்டாவதே பிடிக்கிறது.