நம் குழந்தைகளின் விண்வெளி நூல்களில் எந்த ஊர் வானம் இருக்க வேண்டும்?

சூளூர்பேட்டை வாசகர்:
ஆந்திரத்தில் உள்ள எங்கள் ஊரின் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சிறு படிப்பகத்துக்குக் கோடை விடுமுறைக்கு முன் விண்வெளி நூல்கள் வாங்கவிருக்கிறோம். ஐரோப்பிய, அமெரிக்க வெளியீடுகளின் தமிழாக்கங்களையே மொத்தமாக வாங்கிவிடலாம் என்று சென்ற வாரம் நகரியிலிருந்து எழுதும் அம்மையார் இந்த வாசகர் பகுதியில் பரிந்துரைத்தார். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்நூல்களில் இருப்பது 40, 50 பாகை வடக்கே வாழும் குழந்தைகளின் வானம். நாம் இருப்பதோ 14 பாகைக்கும் சற்றுக் குறைவான அட்சரேகையில். சப்தரிஷி மண்டலம் ஆண்டு முழுவதும் மறையாமல் துருவ விண்மீனைச் சுற்றி வரும் என்று அவை சொல்கின்றன. இங்கே துருவ விண்மீனே வடக்கு அடிவானத்தை ஒட்டித் தாழ்வாகத்தான் நிற்கிறது; ஐப்பசி, கார்த்திகை மாத முன்னிரவுகளில் சப்தரிஷி மண்டலம் முழுவதுமாக அடிவானத்துக்குக் கீழே போய்விடுகிறது. வளர்பிறையை நிமிர்ந்து நிற்கும் வில்லாக வரைகிறார்கள். மாசி, பங்குனியில் நம் மேற்கு வானில் அது படகு போல மல்லாந்து கிடக்கிறது. சிரியஸுக்கு அடுத்தபடியாக இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீனாகிய அகத்தியம் லண்டனில் ஒருபோதும் உதிப்பதில்லை என்பதால் அந்த வான்படங்களில் அதற்கு இடமே இல்லை. மாசி மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே பார்க்கும் எந்தக் குழந்தைக்கும் அது தெரியும்.

எங்கள் பகுதிக்கு இன்னொன்றும் உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும்போது பிள்ளைகள் மாடிக்கு ஓடுகிறார்கள். 20 கி.மீ. தள்ளி நிற்பவருக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் கழித்தே ஓசை வந்து சேர்கிறது. மேலே சென்ற ராக்கெட் சிறிது நேரத்தில் கடலை நோக்கிச் சாய்வதையும் அவர்கள் காண்கிறார்கள். அது ஏன் சாய்கிறது என்று கேட்கிறார்கள். நூலைத் திறந்தால், ஈர்ப்பு விசையிலிருந்து தப்பிக்க ராக்கெட் நேர்மேலே பாய்கிறது என்று எழுதியிருக்கிறது. உண்மையில் 400 கி.மீ. உயரத்திலும் புவியின் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு இருக்கிறது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் நிலைத்திருக்க உயரம் மட்டும் போதாது. நொடிக்கு ஏறத்தாழ 7.8 கி.மீ. பக்கவாட்டு வேகம் வேண்டும். கிழக்கு நோக்கி ஏவினால் புவியின் சுழற்சியே நொடிக்கு 450 மீட்டர் அளவுக்கு உதவுகிறது. தன் கண்ணால் கண்டதற்கு மாறானதைச் சொல்லும் நூலைக் குழந்தையின் கையில் நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

நகரி, இரு பிள்ளைகளின் தாய்:
ஐயா சொல்லும் வானியல் செய்திகளை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் படிக்கிறார்கள். தமிழ் எழுத்து அவர்கள் கண்ணில் படுவதே வீட்டில்தான். அவர்களைத் தமிழில் ஒரு பக்கம் படிக்க வைப்பதற்கு அந்தப் பக்கம் அவர்களைப் பிடித்து நிறுத்த வேண்டும். வழவழப்பான தாளில் இரு பக்கத்துக்கும் விரிந்த சனிக் கோளைப் பார்த்துவிட்டு, அதன் வளையம் எதனால் ஆனது என்று என் மகள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பனிக்கட்டித் துண்டுகள் என்ற விடையை அவள் தமிழில் தெரிந்துகொண்டதே எனக்குப் பெரிது. உள்ளூரில் அச்சான மலிவு நூல்கள் சிலவற்றையும் வாங்கினோம். படங்கள் கலங்கியிருந்தன; 2006-லேயே குறுங்கோள் என வகை மாற்றப்பட்ட புளூட்டோ அவற்றில் இன்னும் ஒன்பதாவது கோளாகவே இருந்தது. வியாழனும் செவ்வாயும் எந்த அட்சரேகையிலிருந்து பார்த்தாலும் அதே கோள்கள்தாமே? மேலும், தெருவிளக்கு வெளிச்சத்தில் எங்கள் மாடியிலிருந்து அந்த அகத்தியத்தைக் கண்டுபிடிப்பதும் எளிதாக இல்லை.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
பாலக்காட்டு எல்லையில் தமிழ்வழி வகுப்பு எடுப்பவன் என்ற முறையில், நீங்கள் இருவரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். மொழிபெயர்ப்பானாலும் உள்ளூர் நூலானாலும், எட்டுக் கோள்களையும் ஒரே பக்கத்தில் நெருக்கி வரைவதுதான் பெருங்கேடு. சூரியனை ஒரு மீட்டர் விட்டமுள்ள உருண்டையாக வைத்தால், புவி 9 மில்லிமீட்டர் அளவில் 107 மீட்டர் தள்ளி இருக்கும். நெப்டியூனைக் காண மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா செண்டாரிக்கு ஏறத்தாழ 29,000 கி.மீ. ஆகிவிடும். இந்த வெறுமையைச் சொல்லாத நூல் விண்வெளியைச் சொல்லவே இல்லை. வண்ணப் படங்களும் அப்படியே. வெவ்வேறு நிற ஒளியை மட்டும் விடும் வடிப்பான்கள் வழியே தனித்தனியாக எடுத்த படங்களைச் சேர்த்து நிறமூட்டுகிறார்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டால், சிறு தொலைநோக்கியில் ஓரியன் நெபுலா என்னும் வாயு மேகத்தைச் சாம்பல் நிறப் புகையாகக் காணும் மாணவன் ஏமாற்றம் அடையமாட்டான்.

சூளூர்பேட்டை வாசகர்:
ஆசிரியர் ஐயா சொன்ன அளவுமுறை எந்த நூலிலும் இருக்க வேண்டியதே. அம்மா, உங்கள் மகள் சனியைத் தமிழில் படித்தது எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் நூலின் ஈர்ப்பு வழவழப்பான தாளில்தான் இருக்கிறது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஆந்திரத்தின் குப்பம் நகரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஜவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 1988-இல் அங்கே கண்டறிந்த சிறுகோளுக்குக் கணிதமேதை ராமானுஜனின் பெயரைச் சூட்டினார்கள். நம் மலையிலிருந்து ஒரு புதிய உலகைக் கண்டார்கள் என்ற செய்தியைவிட எந்தப் படம் பிள்ளைகளை இழுக்கும்?

பழைய செய்தி என்று புளூட்டோவைச் சுட்டினீர்கள். அந்தக் குறை விலையுயர்ந்த நூல்களுக்கும் வரும். 2025 மார்ச்சில் சனிக்குப் புதிதாக 128 நிலவுகள் அறிவிக்கப்பட்டு, மொத்தம் 274 ஆனது; அதற்கு முந்தைய மாதம் வரை அச்சான எல்லா நூல்களிலும் அந்த எண் பழையதாகிவிட்டது. ஆனால் அகத்தியம் உதிக்கும் திசை இன்று பிறந்த குழந்தையின் வாழ்நாளில் அறியும்படி மாறப்போவதில்லை. மாறாத செய்தியை விட்டுவிட்டு மாறிக்கொண்டே இருக்கும் எண்ணிக்கைகளால் பக்கங்களை நிரப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நகரி, இரு பிள்ளைகளின் தாய்:
நீங்கள் சொல்வதெல்லாம் அடங்கிய, நன்றாக அச்சான நூல் ஒன்றைக் காட்டுங்கள்; முதல் பிரதியை நான் வாங்குகிறேன். அது கிடைக்கும் வரை எட்டு வயதுப் பிள்ளையைக் காத்திருக்கச் சொல்ல முடியாது, அடுத்த ஆண்டே அவளுடைய ஆர்வம் வேறு பக்கம் திரும்பிவிடக்கூடும். தமிழாக்கங்களை இப்போதே வாங்குவோம். நம் அட்சரேகைக்குரிய வான்படத்தை மாதத்துக்கு ஒன்றாக வரைந்து உள்ளட்டையில் ஒட்டலாம். தெருவிளக்கு வெளிச்சத்திலும் கண்ணுக்குப் படும் விண்மீன்களுக்குத் தனி அடையாளம் இடுங்கள்.

சூளூர்பேட்டை வாசகர்:
படங்களை நான் வரைந்து தருகிறேன், அடையாளமும் இடுகிறேன். ஆனால் ஒட்டிய தாளுக்கும் அச்சான பக்கத்துக்கும் முரண் வந்தால் குழந்தை அச்சையே நம்பும். ஆகவே, வாங்கும் ஒவ்வொரு நூலிலும் ராக்கெட் பற்றிய பக்கத்தையும் பிறையின் படத்தையும் முதலில் பார்ப்போம். ராக்கெட் நேர்மேலேயே போகிறது என்று எழுதிய நூலை, அதன் படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஏவுதளத்துக்கு எதிர்க்கரையில் வாழும் எங்கள் பிள்ளைகளுக்கு வாங்குவதற்கு நான் இன்னமும் உடன்படவில்லை.