கருவிழி மாற்றி 5 மாதம்: தையல் இன்னும் இருக்கிறது, சரிதானா?

அம்மாவின் வலது கண்ணில் கருவிழி மாற்று அறுவை செய்து 5 மாதம் ஆகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் நூல்கள் சூரியக் கதிர் மாதிரி சுற்றிலும் தெரிகின்றன. பார்வை ஒரு நாள் தெளிவு, ஒரு நாள் மங்கல். நேற்றிலிருந்து வெளிச்சம் பட்டாலே கண் கூசுகிறது என்கிறார். தையலை இவ்வளவு நாள் விட்டு வைப்பார்களா?

பதில்:
தையலுக்காகப் பயப்படாதீர்கள் தம்பி. கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது, காயம் மெதுவாகத்தான் ஆறும். எனக்குக் கடைசி நூலை எடுத்தது 14வது மாதம். அதுவரை பார்வை ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கூச்சம் புதிதாக வந்திருக்கிறது என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. சிவப்பு, கூச்சம், வலி, மங்கல், இதில் எது புதிதாக வந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். உடல் புதுத் திசுவை எதிர்க்க ஆரம்பித்திருக்கலாம். சீக்கிரம் பிடித்தால் ஸ்டீராய்டு சொட்டு மருந்திலேயே பெரும்பாலும் அடங்கும். நான் 2 நாள் தள்ளிப்போட்டு, பிறகு 3 வாரம் மணிக்கொரு சொட்டு விட்டேன். தயவுசெய்து இன்றே கிளம்புங்கள்.

பதில்:
அக்கா சொல்வது சரி. நூல் தளர்ந்தாலும் இப்படிக் கூசும், அது வழியாகக் கிருமியும் புகும். சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேட்டவர்:
போய் வந்துவிட்டோம். ஒரு நூல் தளர்ந்திருந்தது, எடுத்துவிட்டார்கள். எதிர்ப்பு எதுவும் இல்லையாம். இப்போதுதான் அம்மா தூங்குகிறார். ரொம்ப நன்றி அக்கா.