கலைச்சொல் விவாதம்: எரிவாயுக் கணப்பில் வாயுவைத் தானே மூடும் உறுப்புக்கு என்ன பெயர்?

மயூர் விஹார், தில்லி

குழுவினருக்கு வணக்கம்.

தில்லியில் புதிதாக எரிவாயுக் கணப்பு (அறையைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டர்) பொருத்தும் தமிழ்க் குடும்பங்களுக்கான பாதுகாப்புக் குறிப்பில் ‘கணப்பு’, ‘வெப்பமின்னிரட்டை’ (தெர்மோகப்பிள்; சூடுபட்டால் சிறிது மின்சாரம் தரும் உறுப்பு) இரண்டும் முடிவாகிவிட்டன. பாக்கி இருப்பது ‘ஆக்சிஜன் டிப்ளீஷன் சென்சார்’. வரைவில் உள்ள ‘ஆக்சிஜன் உணரி’யை நான் ஏற்கவில்லை.

புகைபோக்கி இல்லாத கணப்புகளில் பைலட் சுடரோடு, அதாவது பெரிய பர்னரைப் பற்றவைக்கும் சிறு சுடரோடு, சேர்ந்து வரும் உறுப்பு இது. இதில் மின்னணுச் சில்லு எதுவும் கிடையாது. காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடு. பூட்டிய அறையில் அது 18-ஐ நெருங்கும்போது பைலட் சுடர் முனையை விட்டு எழும்பி விலகும். சுடர் படாத வெப்பமின்னிரட்டை ஆறிப்போகும். அது தரும் சில மில்லிவோல்ட் மின்சாரத்தில்தான் காந்த வால்வு திறந்து நிற்கிறது; மின்சாரம் குறைந்ததும் வால்வு மூடி, வாயு முழுக்க நின்றுவிடும். பைலட் பற்றிய பிறகும் குமிழை 20, 30 நொடி அழுத்திப் பிடிக்கச் சொல்வதும் மின்னிரட்டை சூடேறத்தான்.

‘உணரி’ என்று எழுதினால் கார்பன் மோனாக்சைடையும் இதுவே கண்டுபிடித்துவிடும் என்று வீட்டில் நம்பிவிடுவார்கள். கண்டுபிடிக்காது. கணப்பில் விறகு போல வைக்கும் பீங்கான் கட்டை இடம் மாறிச் சுடரில் இடித்தாலோ, பர்னரில் தூசி அடைத்தாலோ, அறையில் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே அந்த நச்சுவாயு உண்டாகும். அதற்கு மணமும் இல்லை. தனி அலாரம் கட்டாயம் வேண்டும்.

என் பரிந்துரை: வளிக்குறை அணைப்பான்.

ஜனக்புரி, தில்லி

அம்மா, காரணம் சரி, சொல் சரியில்லை. ‘வளிக்குறை’ என்று படித்தால் சிலிண்டரில் கேஸ் தீர்ந்துவிட்டது என்றுதான் தோன்றும். ‘அணைப்பான்’ என்றதும் சுவரில் மாட்டிய சிவப்புத் தீயணைப்பான் நினைவுக்கு வரும். நெருப்புப் பிடித்தால் இது அணைத்துவிடும் என்று ஒருவர் நினைத்தாலே ஆபத்து.

‘ஆக்சிஜன்’ அப்படியே இருக்கட்டும், பள்ளிப்பிள்ளைக்கும் தெரிந்த சொல். இது செய்யும் வேலை வாயுவை அடைப்பது. ஆகவே ‘ஆக்சிஜன்குறை அடைப்பான்’.

ஆர். கே. புரம், தில்லி

இதற்கே என் ஆதரவு. பழுதுபார்ப்பவர் கண்ணோட்டத்திலும் பொருந்துகிறது. தில்லித் தூசியில் பைலட்டின் சிறு காற்றுத்துளை அடைபடுவது சகஜம். சுடர் நீலம் போய் மஞ்சளாகித் தொய்யும்; ஆக்சிஜன் இருந்தும் கணப்பு அணைந்துபோகும். ‘அடைப்பான் மூடிக்கொள்கிறது’ என்று வீட்டார் பழுதுபார்ப்பவரிடம் சரியாகச் சொல்ல முடியும். ‘உணரி கெட்டுவிட்டது’ என்றால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே இணைத்துத் தரும் ஆளும் உண்டு. அதைவிடக் கொடிய வேலை இல்லை.

துளையில் ஊசி விடக்கூடாது என்றும் குறிப்பில் சேருங்கள். துளை பெரிதானால் சுடரின் அளவே மாறிவிடும். ஆறிய பிறகு மெல்லிய காற்றால் ஊதினால் போதும். குழாய் எரிவாயுவுக்கும் சிலிண்டருக்கும் ஜெட் (வாயு வெளிவரும் சிறு துளை) வேறுவேறு. குழாய் வாயுக் கணப்பைச் சிலிண்டரில் மாட்டினால் கரி படியும்.

மயூர் விஹார், தில்லி

ஐயா சொன்ன ‘கேஸ் தீர்ந்துவிட்டது’ குழப்பம் எனக்கு முன்பு தோன்றவில்லை. ‘அடைப்பான்’ என்றே வைப்போம். குறிப்பின் திருத்திய பத்தி:

“கணப்பு தானாக அணைந்தால் ஆக்சிஜன்குறை அடைப்பான் மூடியிருக்கலாம். உடனே மறுபடி பற்றவைக்காதீர்கள். குமிழை மூடி, ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் அறையை விட்டு வெளியேறுங்கள். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் இருந்தால் மருத்துவரிடம் போங்கள். வாயு நெடி அடித்தால் சுவிட்ச் எதையும் தொடாதீர்கள். சிலிண்டர் வாயு கனமானது, தரையோடு தேங்கும். குழாய் வாயு மேலே ஏறும். சிலிண்டர் கசிவுக்கு அவசர எண் 1906. நெடி இல்லாவிட்டாலும் குறைந்தது 5 நிமிடம் காத்திருந்தே பற்றவையுங்கள். ஜன்னல் சற்றுத் திறந்திருந்தும் மீண்டும் அணைந்தால் பைலட்டைச் சுத்தம் செய்ய ஆளைக் கூப்பிடுங்கள். அடைப்பானைக் கழற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள். படுக்கையறையில் இரவு முழுக்க எரியவிடாதீர்கள்.”

முதல்முறை எரிக்கும்போது வரும் பெயின்ட் நெடிக்குத் தனிப் பத்தி தேவை. ஜனக்புரி ஐயா எழுதித் தந்தால் நல்லது.