ஒரே பி.எம்.ஐ. 24.2. ஒரு அட்டையில் நார்மல், இன்னொன்றில் ஓவர் வெயிட். எதை நம்புவது?

கேள்வி (கொழிஞ்சாம்பாறையிலிருந்து)

வணக்கம். எனக்கு 38 வயது. உயரம் 156 செ.மீ., எடை 59 கிலோ. போன மாதம் ஊரில் நடந்த முகாமில் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் எண்) 24.2, நார்மல் என்று எழுதித் தந்தார்கள். போன வாரம் பொள்ளாச்சியில் ஒரு கிளினிக்கில் அதே 24.2-க்கு ஓவர் வெயிட் என்று வட்டம் போட்டுவிட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. மகளுக்கு 13 வயது, 150 செ.மீ., 39 கிலோ. கணக்குப் போட்டால் 17.3. 18.5-க்குக் கீழே என்றால் மெலிவு என்கிறது அட்டை. மாமியார் அவளுக்கு ராத்திரியும் இரண்டாம் தடவை சோறு போடுகிறார். என்ன செய்வது?

பதில் 1 (பொள்ளாச்சி, செவிலியர்)

அக்கா, கணக்கு சரிதான். எடையை உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும், உயரம் மீட்டரில். 59-ஐ 1.56-ஆல் இரண்டு தடவை வகுத்தால் 24.2. அட்டைகள்தான் வேறு வேறு கோடு வைத்திருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் பொதுக் கோடு 25. நம் நாட்டு மருத்துவர்கள் கூடிப் பேசி, நமக்கு 23-லிருந்தே ஓவர் வெயிட், 25-லிருந்து உடல் பருமன் என்று 2009-ல் வெளியிட்டார்கள். ஒரே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரைவிட நமக்கு உடம்பில் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றில் போய்ச் சேரும். சர்க்கரையும் குறைந்த எடையிலேயே வந்துவிடுகிறது. அம்மாவுக்கும் இருப்பதால் நீங்கள் பொள்ளாச்சி அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பாப்பா விஷயத்தில் பயமே வேண்டாம். 18.5 பெரியவர்களுக்கான கோடு. வளரும் பிள்ளைகளுக்கு வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் வைத்துத் தனி அட்டவணை உண்டு. அதன்படி 13 வயதுப் பெண்ணுக்குச் சுமார் 15-க்குக் கீழே போனால்தான் மெலிவு. 17.3 நல்ல எண். பசிக்குச் சாப்பிடட்டும், திணிக்க வேண்டாம் என்று பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இடுப்பு அளவு எவ்வளவு? கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு, டேப்பை இறுக்காமல் பிடித்து அளந்து எழுதுங்கள்.

பதில் 2 (மீனாட்சிபுரம்)

நான் சுமட்டு வேலை (மூட்டை தூக்குவது) செய்கிறேன். 168 செ.மீ., 74 கிலோ. பி.எம்.ஐ. 26.2. அப்போ நானும் குண்டா? இடுப்பு 82 செ.மீ.தான்.

பதில் 3 (பொள்ளாச்சி, செவிலியர்)

அண்ணா, பி.எம்.ஐ.க்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. இடுப்பு ஆண்களுக்கு 90-க்குள், பெண்களுக்கு 80-க்குள், அதோடு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். உங்கள் உயரத்தில் பாதி 84. இரண்டிலும் தேறிவிட்டீர்கள். மூட்டை தூக்கி வந்த தசையாகத்தான் இருக்கும். ஆனாலும் வருடத்துக்கு ஒரு தடவை சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிடுங்கள். வேலையை விட்ட பிறகும் சாப்பாடு இதே அளவு தொடர்ந்தால் இடுப்புதான் முதலில் சொல்லும்.

கேட்டவர்

தையல் டேப்பில் அளந்தேன். 34 இஞ்ச். அப்படியென்றால் 86 செ.மீ.க்கு மேலே. என் உயரத்தில் பாதி 78தானே?

பதில் 4 (பொள்ளாச்சி, செவிலியர்)

ஆமாம் அக்கா. உங்களுக்கு எடையைவிட வயிறுதான் கவனிக்க வேண்டியது. உங்கள் உயரத்துக்குச் சரியான எடை 45-லிருந்து 55½ கிலோ வரை. உடனே அங்கே போக வேண்டாம், முதலில் மூன்று கிலோ குறையட்டும். அதற்கே சர்க்கரையில் வித்தியாசம் தெரியும். வேகமான நடை, வாரத்துக்கு 150 நிமிடம். மட்டை அரிசியை விட வேண்டியதில்லை, அளவைக் குறைத்து அந்த இடத்தில் பயறும் தோரனும் (காய்ப் பொரியல்) வையுங்கள். சாயங்கால டீயோடு பழம்பொரி தினமும் என்றால் அதை மட்டும் நிறுத்துங்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரை டெஸ்ட் (HbA1c) ஒன்று எடுங்கள். 5.7-க்குக் கீழே வந்தால் நல்லது, 5.7-லிருந்து 6.4 வரை வந்தால் டாக்டரைப் பாருங்கள், 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் தள்ளிப்போடவே கூடாது.

கேட்டவர்

திங்கட்கிழமை வெறும் வயிற்றில் போய் ரத்தம் கொடுக்கிறேன்.

பதில் 5 (பொள்ளாச்சி, செவிலியர்)

இந்த டெஸ்டுக்கு வெறும் வயிறு தேவையில்லை. சாப்பிட்டுவிட்டே போங்கள், ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே எழுதுங்கள்.