ஆபரேஷனுக்கு அப்புறம் ஆயா ஆளே மாறிட்டாங்க, மயக்க ஊசியாலயா?

ராயபுரம் பேரன்:
ஆயாவுக்கு 78 வயசு, பாத்ரூம்ல வழுக்கி இடுப்பெலும்பு உடைஞ்சு போன வாரம் ஆபரேஷன் ஆச்சு. சீட்டுக் கணக்கெல்லாம் நோட்டே இல்லாம மனசுல வெச்சிருந்தவங்க. இப்ப பகல்ல நல்லா பேசுறாங்க, ராத்திரி ஆனா செத்துப்போன தாத்தா எங்கன்னு கேக்குறாங்க, டிரிப்ஸை புடுங்கிட்டு காசிமேட்டுல ஏலத்துக்கு நேரமாச்சு கூடையை எட்றின்னு எங்கம்மாவை திட்டிகினே இருக்காங்க. பக்கத்து வூட்டு அக்கா மயக்க ஊசி ஓவராயிடுச்சு இனிமே இப்டிதான்னுட்டாங்க. சரியாவுமா?

ஐசியூ நர்ஸ்:
தம்பி, இதுக்கு பேரு டெலிரியம், உடம்பு சரியில்லாதப்ப திடீர்னு வர்ற மனக்குழப்பம், பைத்தியம் இல்ல. மயக்க ஊசி மேலயே பழி போடாதீங்க, இடுப்பெலும்பு ஆபரேஷனுக்கு முதுகுல ஊசி போட்டவங்க, முழு மயக்கம் குடுத்தவங்கன்னு ஒப்பிட்டு 2021ல வந்த ரெண்டு பெரிய ட்ரையல்லயும் இந்த குழப்பம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். எலும்பு முறிஞ்சு, கத்தியும் வெச்சா உடம்பு பூரா அழற்சி கிளம்புது, ஐஎல்-6 மாதிரி கெமிக்கல் ரத்தத்துல ஏறுது, மூளைக்கு இருக்குற தடுப்பு லேசா லீக்காகி உள்ள காவல் காக்குற மைக்ரோக்ளியா செல்லு உசுப்பேறிடுதுன்றாங்க. எலிங்க கிட்ட இதை நல்லாவே பாத்திருக்காங்க, மனுஷங்க கிட்ட இன்னும் முழுசா நிரூபணம் ஆவல. நீங்க முதல்ல யூரின் இன்ஃபெக்ஷன், சோடியம், ஆக்சிஜன் பாத்தாங்களான்னு கேளுங்க. மோஷன் போறாங்களா, வலி இருக்கான்னும் பாருங்க. தூங்க வெக்க அவில்னு அலர்ஜி மருந்து போட்டா ஏன்னு கேளுங்க, பெருசுங்களுக்கு அது குழப்பத்தை ஏத்தும்.

தண்டையார்பேட்டை:
எங்க நைனாவுக்கு பைபாஸ் முடிஞ்சு இதே பேஜாருதான். வார்டுல காது மிஷினை கழட்டி பையில போட்டுட்டாங்க, சொல்றது எதுவும் கேக்காம மனுஷன் மிரண்டுட்டாரு. அதை மாட்டி, கண்ணாடி குடுத்து, பகல்ல ஜன்னலாண்ட உக்கார வெச்சு, வீட்டாளுங்க மாத்தி மாத்தி இருந்ததும் குழப்பம் அடங்கிச்சு. ஆனா கேஸ் சிலிண்டருக்கு காசு குடுத்தாச்சான்னு திரும்பத் திரும்ப கேக்குறது மட்டும் கொஞ்ச மாசம் ஓடிச்சு.

ஐசியூ நர்ஸ்:
அது வேற, ஞாபகம் மந்தமாவுறது. 60 தாண்டினவங்களை வெச்சு 1998ல வந்த பெரிய ஆய்வுல, ஒரு வாரத்துல நாலுல ஒருத்தருக்கு இருந்தது மூணு மாசத்துல பத்துல ஒருத்தருக்குதான் நின்னுச்சு. அப்பவும் சரியாவலன்னா சென்ட்ரலாண்ட இருக்குற ஜிஎச் முதியோர் ஓபில காட்டுங்க, 1978ல இருந்தே நடக்குது.

ராயபுரம் பேரன்:
அக்கா, டியூபை புடுங்குறாங்கன்னு கையை கட்டிலோட கட்டி வெச்சிருக்காங்க.

ஐசியூ நர்ஸ்:
கட்டுனா இன்னும் மிரளுவாங்க தம்பி. நைட்டு கூட ஒருத்தர் இருக்கோம், அவுத்து விடுங்கன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. டிரிப்ஸ் இன்னும் வேணுமான்னும் கேளுங்க.