புதுப்பிப்பு: பாரிசவாதத்துக்குப் பின்னரான பயிற்சி, திருகோணமலையில்

மூதூரில் இருக்கும் பெரியப்பாவுக்குப் பாரிசவாதத்தால் இடது கையும் காலும் வழங்காமல் போனதை எழுதி, மறுவாழ்வுச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று முன்னர் கேட்டிருந்தேன். பதிலளித்தவர்களுக்கு நன்றி.

இப்போது அவரைத் திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவுக்கு அழைத்துச் செல்கிறோம். வழியிலுள்ள கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டதிலிருந்து அங்கே படகுப்பாதைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்றாலும், ஒரு பக்கம் செயலிழந்த ஒருவரை முச்சக்கர வண்டியில் ஏற்றி இறக்குவதற்கே இரண்டு பேர் தேவைப்படுவதால், சேவை இருப்பது வேறு, அது நோயாளிக்கு எட்டுவது வேறு என்றே சொல்வேன். தங்கியிருந்து பயிற்சி பெற, கொழும்புக்கு அருகிலுள்ள ராகம மறுவாழ்வு வைத்தியசாலையைச் சிலர் பரிந்துரைத்தீர்கள்; பெரியம்மாவைத் தனியே விட்டு அவ்வளவு தூரம் போக அவர் இணங்கவில்லை.

ஆகவே பயிற்சியின் பெரும்பகுதி வீட்டிலேயே நடக்கிறது. தூக்கிவிடும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு விலகக்கூடும் என்பதால், இடுப்பைத் தாங்கியே எழுப்புகிறோம். சட்டை அணிவிக்கையில் முதலில் இடது கை, கழற்றுகையில் அது கடைசி. எண்ணெய் பிடிப்பதை அவர் விடவில்லை (விடச் சொல்ல எனக்கும் மனமில்லை). ஆனால் அது பயிற்சிக்கு ஈடாகாது, முதல் சில மாதங்களில்தான் மீட்சி வேகமாக இருக்கும்.

பேச்சு இன்னும் குழறுகிறது. பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்புமாறு அடுத்த கிளினிக்கில் கடிதம் கேட்கவுள்ளோம்.